காவல் நாயின் கண் வருத்தம்



சென்ற மாதம் ஆடு வளர்ப்புக் கடன் பற்றி இந்தப் பக்கத்தில் பேசினோம். அதைப் படித்த சகோதரி ஒருவர் மாதர் சங்கக் கூட்டத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஆட்டைப் பற்றி எழுதினீங்க, சரி. ஆட்டைக் காக்கிற நாயைப் பற்றி ஏன் எழுதல்ல? எங்கட நாய்க்கு மாசக் கணக்கா கண்ணில பீழை. கழுவிக் கழுவி அலுத்துப் போச்சு" என்றார். அங்கிருந்த சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கேள்வியை முன்பும் ஒருவர் என்னிடம் கேட்டிருந்தார். அன்று நான் சொன்ன பதில் பிழையானது. அதன் பலனை ஒரு வாயில்லாச் சீவனும் இரண்டு குடும்பங்களும் அனுபவித்தன. அதைச் சொல்லிவிட்டு விடயத்துக்கு வருகிறேன்.

மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ நெருக்கமான வளவுகளில் வாழும் நம்மவர்கள் நாய் வளர்ப்பது குறைவு. ஆனால் கல்முனைக்கு மேற்கே வயல் ஓரத்தில் குடியிருப்பவர்களின் நிலைமை வேறு. அங்கே வீட்டுக்கு வீடு தூரம், இரவில் இருட்டு. ஆண் துணை இல்லாத வீடுகளும் அங்கு பல. அப்படியான ஓரிடத்தில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். ஒன்றில் ஒரு முஸ்லிம் ராத்தா. 1990ஆம் ஆண்டு வயலுக்குப் போன அவரது கணவர் மையித்தாகத்தான் வீடு வந்தார். மற்றதில் ஒரு தமிழ் அக்கா. அதே ஆண்டில் கூட்டிச் செல்லப்பட்ட அவரது கணவர் இன்று வரை திரும்பவில்லை. ராத்தா அக்காவை "மச்சி" என்பார். அக்கா ராத்தாவை "மச்சாள்" என்பார். இருவருக்கும் நடுவே பொதுவாக ஓர் ஆட்டுக் கொட்டில். கொட்டிலடியில் செம்மண் நிறத்தில் ஒரு நாட்டு நாய். சோறு வைப்பது அக்கா, காவல் இரண்டு வீட்டுக்கும்.

அந்த நாயைப் பற்றி ராத்தா ஒருமுறை சொன்னது இது: "அந்தக் காலத்தில நாய் குரைச்சா விளக்க நூத்துப்போட்டு புள்ளையள்ற வாயப் பொத்திக்கிட்டு இரிப்பம் மகள். இப்ப இந்த நாய் குரைச்சாத்தான் எனக்கு நித்திரை வருது. அது முழிப்பாக் கிடக்கெண்டு தெரியுது."

யுத்தம் 2009இல் முடிந்துவிட்டது. ஆனால் இரவைப் பற்றிய பயம் நம்மில் பலரை விட்டுப் போகவில்லை. அந்தப் பயத்தை ஒரு நாய் பாதியாகக் குறைக்கிறதென்றால் அதன் கண்ணைப் பற்றி எழுத இந்தப் பத்திரிகையில் இடம் உண்டு என்று நினைக்கிறேன்.

நடந்தது என்ன?

கடன் தவணை பார்க்கப் போன ஒரு நாளில் ராத்தா நாயின் இடது கண்ணைக் காட்டினார். கண் சிவந்து, மூலையில் பசை போல மஞ்சள் பீழை ஒட்டியிருந்தது. நான் அவசரத்தில் இருந்தேன். "தூசி விழுந்திருக்கும், கழுவி விடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கழுவினார்கள். இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் பீழை வரும். இப்படியே நாலைந்து மாதம் போனது. பிறகு கண்ணின் பளபளப்புக் குறைந்து கபில நிறத்தில் ஒரு திரை படரத் தொடங்கியது. ராத்தாவின் உம்மாவுக்குக் கண்புரை ஒப்பரேசன் செய்தபோது கொடுத்த சொட்டு மருந்து கொஞ்சம் மிஞ்சியிருந்தது. மனிதக் கண்ணுக்கு நல்லதென்றால் நாய்க் கண்ணுக்கும் நல்லதுதானே என்று அதை விட்டிருக்கிறார்கள். முதல் இரண்டு நாள் சிவப்புக் குறைந்தது. ஒரு கிழமையில் நாய் கண்ணைத் திறக்கவில்லை. தீன் எடுக்காமல் கொட்டிலுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. அப்படிக் கிடந்த ஓரிரவில் இரண்டு கிடாய்க்குட்டிகள் களவு போயின. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு விற்றுக் கடனை அடைப்பதற்காக வளர்த்த குட்டிகள்.

அதன் பிறகுதான் நாயைக் கால்நடை வைத்தியரிடம் கொண்டு போனார்கள். நானும் கூடப் போனேன். இடது கண்ணில் புண் ஏற்பட்டு ஓட்டை விழுந்துவிட்டது, அதைக் காப்பாற்ற முடியாது என்றார் வைத்தியர். அடுத்ததாக அவர் சொன்னதுதான் எங்களைத் தூக்கிப் போட்டது. "வலது கண்ணுக்கும் இதே வருத்தம் இருக்கு. இது தூசி இல்ல. இந்த நாய்க்குக் கண்ணீர் சுரக்குதில்ல."

கண்ணீர் வற்றுவதும் ஒரு வருத்தமா?

கண்ணீர் அழுவதற்கு மட்டும் உரியதல்ல, சகோதரிகளே. நாம் சிரித்துக்கொண்டிருக்கும் போதும் கண்ணில் கண்ணீர் இருக்கிறது. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் ஒரு மெல்லிய படலமாக அது கண்ணை மூடுகிறது. அந்தப் படலத்தில் எண்ணெய் உண்டு, தண்ணீர் உண்டு, சளி போன்ற வழுவழுப்பான பொருளும் உண்டு. கறுத்த முழிக்கு முன்னால் உள்ள கண்ணாடி போன்ற தோலில் இரத்தக் குழாய் கிடையாது. காற்றும் ஊட்டமும் அதற்குப் பெரும்பாலும் கண்ணீர் வழியாகவும் கண்ணுக்குள்ளிருக்கும் நீர் வழியாகவுமே கிடைக்கின்றன. தூசியையும் கிருமியையும் கழுவுவதும் கண்ணீர்தான்.

இந்தத் தண்ணீரைச் சுரக்கும் சுரப்பி நாய்க்கு ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு. ஒன்று மேல் இமைக்கு மேலே. மற்றது கண்ணின் உள் மூலையில் மடிந்திருக்கும் மூன்றாம் இமையில். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி ஏதோ காரணத்தால் திசை மாறி இந்தச் சுரப்பிகளையே தாக்கி அழிப்பதுதான் பெரும்பாலான நாய்களில் இந்த வருத்தத்துக்குக் காரணம். வேறு காரணங்களும் உண்டு. டிஸ்டெம்பர் என்ற வைரசு நோய் வந்து தப்பிய நாய்க்கு வரலாம். சல்பா வகை மருந்துகளால் வரலாம். மூன்றாம் இமையின் சுரப்பி சிவந்து வெளியே தள்ளும்போது அதை வெட்டி எறிந்த நாய்களுக்குப் பிற்காலத்தில் வரலாம். கொக்கர் ஸ்பானியல், பக், புல்டோக், ஷீட்ஸு போன்ற சாதி நாய்களில் அதிகம் காணப்படும். நமது நாட்டு நாய்களும் இதற்கு விலக்கல்ல.

தண்ணீர் குறைந்தால் மிஞ்சுவது சளிதான். அதுதான் கயிறு போல இழுபடும் மஞ்சள் அல்லது பச்சைப் பீழை. கழுவினால் அது போகும், தண்ணீர் சுரக்காததால் திரும்பவும் வரும். காய்ந்த கண்ணை இமை உரசி உரசிப் புண்ணாக்கும். தன்னைக் காத்துக்கொள்ள அந்தக் கண்ணாடித் தோல் தடித்து, இரத்தக் குழாய் படர்ந்து, கபில நிறமாகும். கடைசியில் பார்வை மறையும்.

கண்டுபிடிப்பது எப்படி?

வைத்தியர் செய்த பரிசோதனை மிக எளிது. ஒரு மெல்லிய கடதாசிக் கீலத்தின் நுனியைக் கீழ் இமைக்குள் வைத்தார். ஒரு நிமிடம் பொறுத்து, எவ்வளவு தூரம் நனைந்திருக்கிறது என்று பார்த்தார். ஒட்டோ ஷிர்மர் என்ற ஜேர்மன் கண் வைத்தியர் 1903இல் மனிதருக்காகச் சொல்லித்தந்த முறை இது. இன்றும் மனிதருக்கும் நாய்க்கும் இதைத்தான் செய்கிறார்கள். நல்ல நாய்க்கு ஒரு நிமிடத்தில் 15 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ நனையும். வருத்தத்தின் அறிகுறிகளோடு 10க்குக் குறைந்தால் கண்ணீர் போதாது. 5க்குக் குறைந்தால் கடுமை. எங்கள் நாயின் வலது கண்ணில் நனைந்தது 4 மில்லிமீற்றர்.

பிறகு செம்மஞ்சள் நிறச் சாயம் ஒன்றைக் கண்ணில் விட்டு நீல வெளிச்சம் பிடித்துப் பார்த்தார். புண் இருந்தால் அந்த இடம் பச்சையாக ஒளிரும். இந்தச் சோதனை செய்யாமல் நாம் சொட்டு மருந்து விட்டதுதான் பெரும் பிழை. கண்புரை ஒப்பரேசனுக்குப் பின் கொடுக்கும் மருந்துகளில் ஸ்டீரொயிட் இருப்பது வழமை. அது சிவப்பைக் குறைக்கும், அதனால் சுகமாவது போலத் தெரியும். ஆனால் கண்ணில் புண் இருந்தால் அதை ஆறவிடாது, இன்னும் ஆழமாக்கும். இடது கண் அப்படித்தான் போயிருக்க வேண்டும் என்றார் வைத்தியர். ராத்தா கேட்டுக்கொண்டே நின்றார். "நான்தான் அதுக்கிட கண்ணப் போக்கின" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். முதல் நாளே வைத்தியரிடம் அனுப்பாத என் பங்கையும் அவரிடம் சொன்னேன்.

மருந்து உண்டு, ஆனால் நிறுத்த முடியாது

சீனி வருத்தம் போல, பிரஷர் போல இதுவும் நீண்டகால வருத்தம். மாறாது. ஆனால் மருந்தால் அடக்கி வைக்கலாம்.

முக்கியமான மருந்தின் பெயர் சைக்ளோஸ்போரின். நோர்வே நாட்டு மண்ணில் கண்ட ஒரு பூஞ்சணத்திலிருந்து கிடைத்தது. சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்றியவர்களின் உடம்பு புது உறுப்பை நிராகரிக்காமல் இருப்பதற்காக முதலில் பயன்பட்டது. எதிர்ப்புச் சக்தியின் தாக்குதலை அடக்குவது இதன் குணம். 1980களில் அமெரிக்காவின் ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்தில் ரெனே காஸ்வான் என்ற பெண் மிருகக் கண் வைத்தியர் இதை நாய்களின் காய்ந்த கண்ணில் விட்டுப் பார்த்தார். வற்றிய கண்ணில் கண்ணீர் ஊறத் தொடங்கியது. 1995இல் நாய்களுக்கான களிம்பாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2002இல் அதே மருந்து மனிதக் கண்ணுக்கான சொட்டு மருந்தாகவும் அங்கே அனுமதி பெற்றது. கண் காயும் வருத்தம் பெண்களுக்கே அதிகம். நாய்க்காக ஒரு பெண் தேடிய மருந்து கடைசியில் பெண்களுக்கும் உதவியது.

இந்தக் களிம்பைப் பொதுவாக நாளைக்கு இரண்டு தடவை போட வேண்டும். இன்று போட்டால் நாளை கண்ணீர் வராது. பலன் தெரிய மூன்று முதல் ஆறு கிழமைகள் செல்லும், சில நாய்களுக்கு அதைவிடக் கூடவும் செல்லும். அதுவரைக்கும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகளை நாளைக்குப் பல தடவை விட வேண்டும். கிருமி தொற்றியிருந்தால் வைத்தியர் கொஞ்ச நாளைக்கு அதற்குரிய மருந்தும் தருவார். கண்ணீர் வரத் தொடங்கியதும் "சுகமாயிட்டுது" என்று நிறுத்திவிடுவதுதான் நம்மவர்கள் செய்யும் தவறு. நிறுத்தினால் சில நாட்களிலேயே கண் திரும்பக் காயும்.

மருந்துக்கும் மசியாத நாய்களுக்கு ஓர் ஒப்பரேசன் உண்டு. கன்னத்திலிருந்து வாய்க்கு எச்சில் கொண்டு போகும் குழாயைக் கண்ணுக்குத் திருப்பி விடுவார்கள். எச்சில் கண்ணீரின் வேலையைச் செய்யும். அப்படியான பெரிய சிகிச்சைகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தைச் சேர்ந்த வைத்தியசாலை போன்ற இடங்களில் விசாரிக்க வேண்டும். நம் நாட்டில் மிருக வைத்தியர்களை உருவாக்கும் பீடம் அதுதான்.

ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டியவை

அக்காவும் ராத்தாவும் செய்வதைப் பார்த்து எழுதியது இது. உங்கள் வைத்தியர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

1. கொதித்தாறிய தண்ணீரில் சுத்தமான பழந்துணித் துண்டை நனைத்துப் பீழையின் மேல் வையுங்கள். ஊறிய பிறகு உள் மூலையிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். காய்ந்த பீழையைப் பிய்த்து எடுக்க வேண்டாம். ஒரு கண்ணுக்குப் பாவித்த துண்டை மற்றக் கண்ணுக்குப் பாவிக்க வேண்டாம்.

2. நாய்க்கு முன்னால் நின்று முகத்தைப் பிடிக்காதீர்கள், பயந்து கடிக்கும். பின்பக்கமாக அல்லது பக்கவாட்டாக இருந்து தாடையைத் தூக்குங்கள். கடிக்கும் சுபாவம் இருந்தால் நீளமான துணிப்பட்டியால் வாயைக் கட்டுங்கள். மூச்சு விட மூக்கு திறந்திருக்க வேண்டும்.

3. முதலில் சொட்டு மருந்து, ஐந்து பத்து நிமிடம் கழித்துக் களிம்பு. களிம்பை முதலில் போட்டால் சொட்டு உள்ளே போகாது. கீழ் இமையை மெதுவாக இழுத்து அரிசி மணியளவு களிம்பை உள்ளே விட்டால் போதும். குழாயின் நுனி கண்ணில் படக்கூடாது.

4. முடிந்ததும் ஒரு சிறு துண்டு மீனோ ரொட்டியோ கொடுங்கள். இரண்டு கிழமையில் அதுவே வந்து நிற்கும். அந்த நாய் இப்போது சுபஹு பாங்கு சொன்ன பிறகு அக்காவின் படியில் வந்து காத்திருக்கிறது.

5. அடுப்புப் புகை, குப்பை எரிக்கும் புகை, நெல் தூற்றும் தூசி படும் இடத்தில் கட்டிப்போட வேண்டாம்.

6. வைத்தியர் சொன்ன தவணைக்குத் தவறாமல் கொண்டு போய் கண்ணீரை அளந்து பார்க்கச் செய்யுங்கள்.

7. நாட்காட்டியில் மருந்து போட்ட நேரத்துக்கு ஒரு புள்ளடி போடுங்கள். இருவர் மாறி மாறிச் செய்யும் வீட்டில் இது மிகவும் உதவும்.

செய்யக்கூடாதவை

எலுமிச்சம்புளி, மஞ்சள், உப்பு, புகையிலைச் சாறு இவற்றைக் கண்ணில் விட வேண்டாம். மாட்டுக்குச் செய்து பழகியவர்கள் நாய்க்கும் செய்கிறார்கள். காய்ந்த கண்ணில் அது நெருப்பு. வீட்டில் மிஞ்சிய எந்தக் கண் மருந்தையும் விட வேண்டாம்.

எல்லாக் கண் வருத்தமும் இதுவல்ல என்பதையும் மறக்க வேண்டாம். உண்ணி கடித்து வரும் காய்ச்சல் கண்ணுக்குள் அழற்சியையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கலாம். ஆகவே காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி பார்த்து எடுங்கள். வயதான நாயின் கண் நீலம் பாய்ந்து தெரிந்தால் அது பெரும்பாலும் முதுமையின் சாதாரண மாற்றம். ஆனால் கண் திடீரென்று வீங்கிப் பெருத்தாலோ, மங்கலாகி வலித்தாலோ, திறக்கவே முடியாமல் போனாலோ அதே நாளில் வைத்தியரிடம் போங்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடும் குளுக்கோமாவாக இருந்தால் ஒரு நாள் தாமதமும் பார்வையைப் பறிக்கும்.

பேணுதல் பற்றி

"நாயின்ட கண்ணத் தொட்டா நான் எப்படித் தொழுற?" என்று ராத்தா கேட்டார். நியாயமான கேள்வி. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் நாயின் எச்சிலும் ஈரமும் நஜீஸ். பட்ட இடத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் காவலுக்கும், கால்நடைக்கும், பயிருக்கும் நாய் வைத்திருக்க அனுமதி இருக்கிறது. குகைவாசிகளோடு இருந்த நாயைப் பற்றி சூரத்துல் கஹ்பில் ஓதுகிறோம். தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்குக் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட சம்பவத்தை மத்ரஸாவில் படித்திருக்கிறோம். வைத்திருக்க அனுமதி உண்டென்றால் அது வேதனைப்படும்போது பார்க்கும் கடமையும் அதோடு சேர்ந்தே வருகிறது.

அவர்கள் கண்ட வழி எளிமையானது. வழமையாக மருந்து போடுவது அக்கா. அக்கா ஊரில் இல்லாத நாட்களில் ராத்தா இரண்டு கையிலும் சொப்பிங் பேக் மாட்டி, வேலைக்கென்று வைத்த பழைய உடுப்போடு போடுகிறார். மருந்து, துணி, நாயின் பாத்திரம் எல்லாம் கொட்டிலடியில் தனிப் பெட்டியில். மேலதிகமாகச் சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு சீவனைத் துன்பப்பட விடாதீர்கள்.

கண்ணுக்குப் போகுமுன் ஊசி

மருந்து போடும் கை கடிபடக்கூடிய கை. ஆகவே நாய்க்கு வருடாவருடம் விசர்நாய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். சுகாதாரப் பகுதியினர் ஊருக்கு வந்து இலவசமாகப் போடும் நாளைத் தவற விடாதீர்கள், அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். எந்த நாய் கடித்தாலும் நகம் கீறினாலும் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே மனிதருக்கான தடுப்பூசி இலவசம். விசர்நாய் நோய் வெளிப்பட்ட பின் காப்பாற்றுவது இயலாது என்றே சொல்ல வேண்டும்.

செலவுக்கு என்ன செய்வது?

இதை மறைத்துப் பேச முடியாது. களிம்பு விலை கூடியது, எல்லா பாமசியிலும் கிடைக்காது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மனிதருக்கே மருந்து இல்லாமல் அலைந்தோம். ஆகவே வைத்தியரிடம் முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள்: "எங்களால் மாதம் இவ்வளவுதான் முடியும்." அதற்கேற்ப எது கட்டாயம், எதைக் குறைக்கலாம் என்று அவர் சொல்வார். அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு முதலில் போங்கள். ஆடு மாட்டுக்கு மட்டும்தான் அந்த அலுவலகம் என்று நினைக்க வேண்டாம்.

அந்த இரு வீட்டிலும் இது ஒரு சண்டையாகவே வந்தது. கட்டாரிலிருந்து ராத்தாவின் மகன் தொலைபேசியில், "ஒத்தக் கண் நாய்க்கு மாசாமாசம் காசா? தூரக் கொண்டுபோய் விட்டுப்போட்டு ஒரு குட்டி எடுங்க உம்மா" என்று சொல்லியிருக்கிறார். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது, உழைக்கும் கைக்குத்தான் காசின் வலி தெரியும். இருவரும் இருந்து கணக்குப் பார்த்தார்கள். களவு போன இரண்டு குட்டிகளின் விலையை ஒரு பக்கம் எழுதினார்கள். மறுபக்கம் மருந்துச் செலவு. குட்டி நாய் வளர்ந்து காவலுக்குப் பழக ஒரு வருடம் போகும் என்பதையும் சேர்த்தார்கள். கடைசியில் ஒவ்வொரு ஆடு விற்கும்போதும் ஒரு சிறு தொகையை மருந்து உண்டியலில் போடுவதென்று முடிவானது. அக்கா சொன்னது கணக்கில் வராது, ஆனாலும் எழுதுகிறேன்: "என்ர மனிசனைக் கொண்டு போன அண்டைக்கு வீட்டில நாய் இல்ல தங்கச்சி. இருந்திருந்தா ஓடவாவது நேரம் கிடைச்சிருக்கும்." அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒருவேளை இரண்டு கண்ணும் போனால்? கண் தெரியாத நாய் உதவாத நாய் அல்ல. மோப்பமும் காதும்தான் அதன் பெரிய ஆயுதங்கள். பாத்திரத்தையும் படுக்கையையும் இடம் மாற்றாதீர்கள். கிணற்றுக்குக் கட்டு இல்லாவிட்டால் வேலி போடுங்கள். தொடுமுன் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், திடீரென்று தொட்டால் பயந்து கடிக்கும். கட்டாக்காலியாகத் தெருவில் கொண்டுபோய் விடுவது மட்டும் வேண்டாம். அது அதற்கும் பாவம், தெருவில் போகும் பிள்ளைகளுக்கும் ஆபத்து.

கடைசியாக, நமது கண்கள்

ஆறு கிழமைக்குப் பிறகு வைத்தியர் திரும்பவும் கடதாசி வைத்துப் பார்த்தார். வலது கண்ணில் 12 மில்லிமீற்றர் நனைந்திருந்தது. ராத்தா அந்தக் கீலத்தை வாங்கி உற்றுப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "டொக்டர், எனக்கும் கண்ணுக்குள்ள மணல் போட்ட மாதிரிக் கிடக்கு. இது மனிசருக்கும் வருமா?"

வரும். ராத்தா இளவயதில் மருதமுனையில் தறியில் இருந்தவர். கண்ணின் எரிவு நூலைப் பார்த்ததால் என்றும், அழுததால் என்றும் வருடக் கணக்காக நினைத்திருந்தார். அரச வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் காட்டியபோது அவருக்கும் கண்ணீர் குறைவு என்று தெரிந்தது. இப்போது அவரும் சொட்டு மருந்து விடுகிறார்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கண் காய்வது சாதாரணம். கண் எரிவு, மணல் உறுத்தல், மாலையில் மங்கல் இவை அறிகுறிகள். சிலருக்குக் கண் காய்வதாலேயே தண்ணீர் வழிந்தோடும், அதனால் அவர்கள் ஏமாந்து போவார்கள். கண்ணோடு வாயும் காய்ந்து மூட்டு வலியும் இருந்தால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஷோகிரன் என்றொரு வருத்தம் உண்டு. அது நாய்க்கு வந்தது போலவே எதிர்ப்புச் சக்தி சுரப்பிகளைத் தாக்குவதால் வருவது. வருபவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் கண்ணில் ஒன்றும் தெரியாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை கண் காட்ட வேண்டும். குளுக்கோமா நம் மத்தியிலும் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் வருகிறது.

யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் இழந்ததைப் பார்த்து அழுது தீர்த்த கண்கள் நம்முடையவை. அந்தக் கண்களுக்கு ஒரு வருத்தம் வந்தால் "இது அழுத கண்தானே" என்று விட்டுவிடுகிறோம். நான் அந்த நாயின் கண்ணைப் பார்த்து "தூசிதானே" என்று விட்டதும் இதுபோலத்தான். இரண்டு கிழமைக்கு மேல் நிற்கும் எந்தக் கண் வருத்தமும், அது ஆட்டுடையதாக இருந்தாலும், நாயுடையதாக இருந்தாலும், உங்களுடையதாக இருந்தாலும், தூசி அல்ல. வைத்தியரிடம் காட்டுங்கள்.

கேள்வி கேட்ட அந்தச் சகோதரி இந்த இதழ் கைக்கு வருமுன்னரே நாயைக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு போய்விட்டார் என்று அறிந்தேன். சந்தோசம். வளவில் வளர்க்கும் மற்றச் சீவன்களைப் பற்றிய கேள்விகளையும் எழுதி அனுப்புங்கள். எழுத முடியாதவர்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் என்னிடம் நேரில் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.